முதலில் நிலம், பிறகு படை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்டர்லூ போரைச் சின்னப் பொம்மை வீரர்களை வைத்து மேசைமேல் விளையாட வேண்டும், எந்தப் படையை முதலில் வாங்கட்டும், 28 மி.மீ. உருவங்களா, 15-ஆ, 6-ஆ, எந்தப் பெயின்ட் நல்லது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். என்னுடைய இந்தப் பித்து உனக்கும் பிடித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். இப்போதைக்கு ஒரு வீரனைக்கூட வாங்காதே. முதலில் நிலத்தைச் செய்.

படையை வாங்கி, வண்ணம் தீட்டி, மேசையில் பச்சைத் துணியை விரித்து நிறுத்தினாலும் ஆட்டம் நடக்கும். பகடை உருளும், யாராவது ஜெயிப்பார்கள். ஆனால் அது எந்தப் போர் என்று கேட்டால் சொல்ல முடியாது. வாட்டர்லூ நடந்த 1815 ஜூன் 18-ஐ எடுத்துக்கொள். நெப்போலியனின் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையின் பெரும்பகுதியை மேட்டுக்கு அப்பால், பின்சரிவில் நிறுத்தினார். எதிரே இருந்த பிரெஞ்சு பீரங்கிக்காரர்களுக்கு அவர்கள் கண்ணில் படவில்லை. முந்தின இரவு விடாமல் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. தரையில் பட்டுத் துள்ளி வரிசைகளை அறுத்துக்கொண்டு போக வேண்டிய குண்டுகள் பல அப்படியே சேற்றில் புதைந்தன. வயல்களில் ரை என்ற தானியப் பயிர் ஆள் உயரத்துக்கு நின்றது. மேடு, சேறு, பயிர். துணியை விரித்தால் இந்த மூன்றுமே காணாமல் போய்விடும், அவற்றோடு அந்த நாளும் போய்விடும்.

இதை முழுதாகப் புரிந்துகொண்ட ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யும் வேலை 1830-இல் அவரிடம் வந்தது. அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சான்ட் பண்ணை வீட்டிலேயே போய்த் தங்கி, சுமார் எட்டு மாதம் அந்த மண்ணை அளந்தார். அதற்குள் களமே மாறத் தொடங்கியிருந்தது. போரின் நினைவாக எழுப்பி 1826-இல் முடித்த சிங்க மேட்டுக்காக வெலிங்டனின் மேட்டிலிருந்தே ஏராளமான மண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். இருந்தும் அவர் விடவில்லை. அப்புறம், உயிரோடு இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரே யார் இருந்தார்கள்? பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. நடுவில், 1833-இல், அரசு பணம் தருவதை நிறுத்திவிட்டது. கடன் வாங்கிச் செய்தார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தபோது அந்த மாதிரி எட்டு மீட்டருக்கும் அதிக நீளம். அதில் 70,000-க்கும் மேற்பட்ட ஈயக்கலவை வீரர்கள், ஒவ்வொருவனும் ஏறக்குறைய 10 மி.மீ. உயரம். இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், வெலிங்டனுக்கு உதவியாக வந்த ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படையில். ஏழு மணிக்கு அவர்கள் களத்தில் பெருந்திரளாக இருந்தார்கள் என்று சைபோர்ன் காட்டினார். வெற்றியில் அவர்களுக்கு அவ்வளவு பங்கு கொடுத்தது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஆயிரக்கணக்கான பிரஷ்ய வீரர்களை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார். 1849-இல் அவர் இறந்தார். கடன் தீரவே இல்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. எந்தப் பொம்மையை எங்கே வைப்பது என்பதில் செல்வாக்கு நுழைந்தது. அளந்து செய்த மண்ணில் மட்டும் யாராலும் கை வைக்க முடியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 28-ஆ, 15-ஆ, 6-ஆ என்பதை நிலத்தைத் தீர்மானிக்காமல் சொல்லவே முடியாது. வாட்டர்லூவின் முகப்பு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். 28 மி.மீ. வீரன் என்றால் சுமார் 1:56 அளவு. அதே அளவில் நிலத்தையும் செய்தால் உனக்கு 70 மீட்டருக்கும் நீளமான மேசை வேண்டும். அதனால் எல்லோரும் நிலத்தைச் சுருக்குகிறார்கள். 1 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால் முழுப் போரும் 4 மீட்டர் மேசையில் அடங்கும். ஆனால் அந்த நிலத்தில் உன் 28 மி.மீ. வீரன் 28 மீட்டர் உயரமானவன்! 6 மி.மீ. வீரன் 6 மீட்டர் உயரம். கண்ணுக்கு அவ்வளவு உறுத்தாது. சைபோர்னுக்கும் இதே சிக்கல்தான். அவர் நிலத்தைச் சுமார் 1:600-இலும், உயரங்களையும் வீரர்களையும் 1:180-இலும் செய்தார். முழுப் போர்தான் வேண்டும் என்றால் 6 மி.மீ. வாங்கு, அதில் ஒரு படையணி படையணியாகவே தெரியும்.

ஆனால் நீ கேட்டால், முழுப் போர் வேண்டாம் என்பேன். சைபோர்ன் தங்கிய அந்தப் பண்ணையை மட்டும் செய். 120 செ.மீ.க்கு 120 செ.மீ. பலகை ஒன்று போதும். நில அளவு 1:250 என்று வைத்துக்கொள். பலகை 300 மீட்டர் களமாகும். ஒரு மஸ்கெட் துப்பாக்கி நம்பிச் சுடக்கூடிய 100 மீட்டர் உனக்கு 40 செ.மீ. பண்ணையைக் காத்தது, பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த மன்னரின் ஜெர்மானியப் படைப்பிரிவின் 2-ஆவது இலகு காலாட்படைப் பிரிவு, மேஜர் கியோர்க் பாரிங் தலைமையில், தொடக்கத்தில் கிட்டத்தட்ட 400 பேர். ஒரு உருவத்துக்கு இருபது பேர் என்று கணக்கு வைத்தால் இருபது உருவங்கள். இதற்கு 28 மி.மீ. தாராளமாகச் சரி. கட்டடங்களை மட்டும் தரைப்பரப்பில் சுருக்கிச் செய். இல்லாவிட்டால் பண்ணையே பலகையை விழுங்கிவிடும்.

இந்தப் பண்ணையில் நீ மறக்கக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. தானியக் கொட்டகைக்குக் கதவு வைக்காதே. முந்தின இரவு நனைந்து நடுங்கிய வீரர்கள் வயல் பக்கத்துக் கதவை விறகாக உடைத்து எரித்துவிட்டார்கள். மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பத் திரும்ப மோதிய இடங்களில் அந்தத் திறந்த வாசலும் ஒன்று. கொட்டகையில் தீப்பிடித்தபோது, உதவிக்கு வந்த நாசாவ் என்ற சிறிய ஜெர்மானிய நாட்டு வீரர்களின் சமையல் கெட்டில்களில் தண்ணீர் மொண்டு அணைத்தார்கள். கதவோடு செய்த கொட்டகை அழகாக இருக்கலாம், ஆனால் உன் ஆட்டத்தில் பாரிங்கின் நாள் நடக்காது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடர்த்தியான ஃபோம் பலகையைச் சூட்டுக் கம்பியால் வெட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தப் புகையைச் சுவாசிக்காதே. மேட்டைப் படிப்படியாக வெட்டாமல் நீளமாகச் சரித்து வெட்டு. வீரர்கள் வழுக்குவார்கள் என்றுதான் பலர் படி வைக்கிறார்கள். சரிவு மெதுவாக இருந்தால் வழுக்காது, உண்மையான மேடும் மெதுவாகத்தான் ஏறியது. மேலே பசையும் மணலும். அது நன்றாகக் காய்ந்து, அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட் ஒரு பூச்சு ஏறிய பிறகுதான் ஸ்பிரே பக்கம் போக வேண்டும். வெறும் ஃபோமில் ஸ்பிரே பட்டால் கரைந்து குழியாகிவிடும். அடர் பழுப்பு, அதன்மேல் பெயின்ட்டைத் துடைத்த காய்ந்த பிரஷ்ஷில் வெளிர் பழுப்பு. ரை வயலுக்குத் தென்னைநார் மிதியடியை வெட்டிப் பயன்படுத்து, அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. வீரர்கள் போய் மிதித்த இடத்தில் நாரைக் கத்தரித்துச் சாய்த்துவிடு. உருவங்களுக்கு பிரைமர் என்ற முதல் பூச்சு, அடிப்படை நிறம், ஒரு வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த அடர் நிறம்), மேடான இடங்களில் கொஞ்சம் வெளிர் நிறம், அவ்வளவுதான். பாரிங்கின் ஆட்களுக்குச் சட்டை பச்சை. எல்லோருடைய காலிலும் முழங்கால் வரை சேறு பூசு.

விதிகளில் ஒன்றே ஒன்றை நீயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாரிங்கின் ஆட்கள் கையில் இருந்தது பேக்கர் ரைஃபிள். உன் பலகையில் பாதிக்கு மேல் எட்டும், அதனால் முதலில் அசைக்க முடியாதவர்கள் மாதிரி தெரிவார்கள். ஆனால் தோட்டா தீர்ந்துகொண்டே வந்தது. பாரிங் திரும்பத் திரும்பக் கேட்டனுப்பியும் வரவில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் எண்ணி வைத்த தோட்டா வில்லைகளைக் கொடு. எத்தனை என்று பிரெஞ்சு தரப்பு ஆடுபவருக்குத் தெரியக் கூடாது.

அதற்கு நடுவர் வேண்டும். இந்த விளையாட்டின் வேரே அங்கேதான். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தன் மன்னருக்காக, நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கும் ஒரு மேசையைச் செய்தார்; பார், அங்கேயும் முதலில் நிலம்தான். 1824-இல் அவருடைய மகன் அதை 1:8000 வரைபடத்துக்கு மாற்றி, பகடையோடு நடுவரையும் முறைப்படி சேர்த்தார். எதிரியின் படையில் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டுமே நடுவர் காட்டுவார். அதைப் பார்த்து அசந்து ராணுவம் முழுக்கப் பரிந்துரைத்த தளபதி முஃப்லிங், வாட்டர்லூ நாளன்று வெலிங்டனோடு இருந்த பிரஷ்யத் தொடர்பு அதிகாரி. தெரியாததோடு போரிடுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நெப்போலியனாக ஆடும் எல்லோருக்கும் பிரஷ்யர் வரப்போவது முன்பே தெரியும்; நெப்போலியனுக்குத் தெரியாது. அதைச் சரிசெய்ய நடுவரைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, இதை அம்மாவாகச் சொல்கிறேன் கண்ணா. அந்த ஒரே நாளில் மூன்று படைகளிலுமாக 40,000 பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். நீ மேசையிலிருந்து ஒரு உருவத்தை எடுத்து ஓரமாக வைக்கும்போது இருபது பேரை எடுக்கிறாய். மாலை ஆறு மணிக்குமேல் பண்ணை விழுந்தது. தொடங்கும்போது இருந்தவர்களில் சண்டையிடும் நிலையில் தன்னோடு மிஞ்சியவர்கள் 42 பேர் என்று பாரிங் பின்னாளில் எழுதினார். உன் இருபதில் இரண்டு. ஆட்டம் முடிந்து எழுந்திருப்பதற்கு முன், எடுத்து வைத்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்திரு. இதைச் செய்யாதவர்களோடு விளையாட எனக்குப் பிடிப்பதில்லை.

நீ வரும்போது நான் நடுவராக இருக்கிறேன். நீ பாரிங்கா, பிரெஞ்சா என்று இப்போதே எழுது. பலகையை வெட்டுவதற்கு முன் பண்ணையைத் தாண்டி எவ்வளவு சரிவு வைக்கப் போகிறாய் என்றும் குறித்து அனுப்பு. சாலைக்கு அந்தப் பக்கம், ரைஃபிள் வீரர்கள் பதுங்கியிருந்த மணல் குழியை நான் தனித் துண்டாகச் செய்து தருகிறேன். அளவு பொருந்த வேண்டும்.

அன்புடன்,
அம்மா