அடக்கப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகப் பேராயர்களுக்கும் குருவானவர்களுக்கும் சேகரக் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கமிட்டி உறுப்பினர்களுக்கும், ஸ்தோத்திரம்.

கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அதற்கு முன்பே நம் ஆலயங்கள் நிரம்பத் தொடங்கிவிட்டன. அசனம் என்னும் சபை விருந்து நடக்கிறது, கிறிஸ்துமஸ் கீத பவனி வீடு வீடாகப் போகிறது, கமிட்டித் தேர்தலும் பழைய சூடு குறையாமல் நடக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு வருடங்களில் ஆராதனை இல்லாமல் மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நம் சபைகளில் பேச்சே இல்லை.

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தே கொண்டாடினோம். சரியாக ஒரு வாரம் கழித்து, கோவிடில் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து, இரவோடு இரவாக அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவ முறைப்படி கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு அவருடைய மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். அது செய்தியில் வந்த சாவு. செய்தியில் வராதவை நம் சபைகளில் எத்தனை! 2021 மே மாதம் பாதுகாப்பு உடை போட்ட ஊழியர்கள் குழியில் இறக்க, பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். துக்க வீட்டு ஜெபம் இல்லை, கோயில் மணி இல்லை, கையைப் பிடித்து அழ ஆள் இல்லை. அரசு விதி அப்படி. அன்று குருவானவர்கள் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. அவர்களிலும் பலரை இழந்தோம்.

ஆனால் இன்று எந்த விதியும் தடுக்கவில்லையே? ஒவ்வொரு சேகரத்திலும் அடக்கப் பதிவேடு இருக்கிறது. 2020, 2021 பக்கங்களை எடுங்கள். வரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அன்று விட்டுப்போன ஆராதனையை நடத்துங்கள். வெளியூர் மயானத்தில் எரித்ததால் பதிவேட்டில் ஏறாமல் போனவர்களும் உண்டு. குடும்பங்களிடம் கேட்டுச் சேருங்கள். எத்தனையோ ஸ்தோத்திர ஆராதனைகள் நடத்தினோம், பிழைத்தவர்களுக்காக. அழுவதற்கென்று ஒன்றாவது வைத்தோமா?

அப்புறம், உயிரோடு இருந்தும் விடுபட்டுப்போனவர்கள். ஊரடங்கில் நேரலை ஆராதனை வந்தபோது அதிகம் மகிழ்ந்தவர்கள் பல வருடமாகப் படுக்கையில் இருந்த முதியவர்கள். அவர்களுக்கு அதற்கு முன்பும் ஊரடங்குதானே! ஆலயம் திறந்ததும் சில சபைகள் நேரலையை நிறுத்திவிட்டன. ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள், காணிக்கை குறையும் என்ற பயம். சபை கூடிவருதலை விடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25 பிரசங்கத்தில் அடிக்கடி வருகிறது. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்ற யாக்கோபு 5:14-உம் அதே வேதத்தில்தான் இருக்கிறது. நடக்கத் தெம்புள்ளவர் நாற்காலியில் சாய்ந்து, காபி குடித்தபடி ஆராதனை பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அவரைக் கண்டியுங்கள். அதற்காகப் படுத்திருப்பவரின் ஜன்னலை ஏன் மூட வேண்டும்?

நேரலை மட்டும் போதாது. திருவிருந்தை (நற்கருணையை) திரை வழியாகக் கொடுக்க முடியாது. திருவிருந்து ஞாயிறு அன்று மாலையே அப்பமும் திராட்சரசமும் அந்த வீடுகளுக்குப் போகட்டும். குருவானவர் ஒருவரால் பல ஊர்களைச் சுற்றி முடிக்க முடியாது என்பது தெரியும். சபை ஊழியர்களையும் மூப்பர்களையும் இதற்குப் பயிற்றுவிக்கப் பேராயர்கள் அனுமதி கொடுத்தால் ஆள் பஞ்சம் வராது. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தாரைக் கேட்டால் ஒரே நாளில் பட்டியல் தயாராகிவிடும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் புதுப் பந்தல், ஒலிபெருக்கிக் கணக்குக்கு முன்பே இந்த இரண்டையும் பேச எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வைத்தால் நேரமாகிவிட்டது என்று ஜெபம் பண்ணி முடித்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்