கிளை நூலக வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாக வட்டத்தில் சேர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். அக்டோபர் கூட்டம் மழையால் நின்றுபோனதால் பதினொன்று நடந்தன. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளையும், ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாளையும், நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வார விழாவையும் வழக்கம்போல் நூலகத்தோடு சேர்ந்து நடத்தினோம். அவற்றின் விவரங்கள் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இருப்பதால் இங்கே மீண்டும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களை நாம் எப்படி அறிந்துகொள்கிறோம், அவர்கள் நம்மை எப்படி அறிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியே இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஒரே ஒரு முறை கையெழுத்திட்டு, பிறகு வராமலே போனவர்களின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. அவர்களில் பலருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை. செயலாளர் என்ற முறையில் அது என்னை மிகவும் வருத்தியது. புதியவர் வந்தால் எழுந்து நிற்கச் சொல்லி, பெயர், ஊர், வேலை, பிடித்த எழுத்தாளர் ஆகியவற்றைக் கேட்பது நம் நெடுநாள் வழக்கம். நாம் அன்போடுதான் கேட்டோம் என்றாலும், இருபது பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நின்று பதில் சொல்வது வேலைக்கான நேர்காணல் போல இருந்திருக்கிறது. இப்படித்தான் கல்லூரி மாணவர் ஒருவர் தமக்குப் பிடித்த சரித்திர நாவலின் பெயரைச் சொன்னபோது, “இன்னும் அதிலேயேதான் இருக்கிறீர்களா?” என்று நம்மில் ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டவர் அதை அன்றே மறந்திருப்பார். பேருந்து நிறுத்தத்தில் அந்த மாணவரை நான் தற்செயலாகப் பார்த்தபோது, அவர் அதைச் சொல் மாறாமல் என்னிடம் சொன்னார். வட்டத்தின் சார்பில் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். ஜூன் முதல் அவர் மீண்டும் வந்துகொண்டிருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

செயற்குழுவில் பேசி, மார்ச் மாதத்திலிருந்து அந்த வழக்கத்தை மாற்றினோம். இப்போது பழைய உறுப்பினர்கள்தான் முதலில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். வேலையையும் பட்டத்தையும் சொல்லாமல், கடைசியாகப் படித்த நூலையோ, படிக்க முடியாமல் பாதியில் வைத்துவிட்ட நூலையோ சொல்கிறார்கள். தலைவர் அவர்கள், எல்லோரும் கொண்டாடும் ஒரு பெரிய நாவலை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டதாக அன்று மனம் திறந்து சொன்னார். கடைசி வரிசையில் இருந்த புதியவர்கள் இருவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். புதியவர் பேச விரும்பினால் பேசலாம். விரும்பாவிட்டால் மூன்று கூட்டங்கள் வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். அத்துடன், ஒவ்வொரு புதியவருக்கும் பழைய உறுப்பினர் ஒருவர் துணையாக இருந்து, நூல் எடுத்துக் கொடுப்பது, அடுத்த கூட்டத்தை நினைவூட்டுவது, வராவிட்டால் விசாரிப்பது ஆகிய பொறுப்புகளை ஏற்றிருக்கிறார்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. ஒவ்வொரு தேசிய நூலகர் நாளிலும் இவற்றைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறோம். மூன்றாவது விதியின் பொருள் எனக்கு இந்த ஆண்டு ஜூலை மாதத்தில்தான் விளங்கியது.

1925இல் முசிறியில் பிறந்த எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவர்களின் நூற்றாண்டு என்பதால், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை ஜூலைக் கூட்டத்திற்கு எடுத்துக்கொண்டோம். நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அவருடைய நூல்கள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் தயக்கமின்றி நகலெடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். அன்று பேச்சுக்கிடையில், உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் நீரை ஏன் வீணாக வடித்துவிடுகிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நம் ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள் இருந்தும், நாவலை இரண்டு முறை படித்தவர்கள் உட்பட ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

“அது நஞ்சுத் தண்ணி சார். அத விட்டு வச்சா உப்பு கசந்துரும்” என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

போட்டித் தேர்வுக்காக நம் நூலகத்தில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார் அவர். அளத்து வேலை முடிந்து மகளை அழைத்துப் போக வந்தவர், வழக்கம்போல் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். நூலகர் எழுந்துபோய் அவரை உள்ளே அழைத்துவந்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார். அதன்பிறகு ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் பேச, நாங்கள் கேட்டோம். பருவம் தொடங்குமுன் பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்குவது, உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் கெட்டியாக்குவது, நீரின் அடர்த்தி இருபத்தைந்து டிகிரி வந்ததும் உப்பு பூக்கத் தொடங்குவது, முப்பதை நெருங்குவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவது என்று வரிசையாகச் சொன்னார். அந்த மிச்ச நீரில் மெக்னீசிய உப்புகள் சேர்ந்திருப்பதே கசப்புக்குக் காரணம் என்று நம் வேதியியல் ஆசிரியர் விளக்கியபோது, “பேரு எனக்குத் தெரியாது, ருசி தெரியும்” என்றார். உப்பு வாரும் பலகையைப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை, கேட்டவர்களுக்கு விரித்துக் காட்டினார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நகல் பிரதியைப் பகுதி பகுதியாகக் கொடுத்தோம். முதலில் மகள் இரவில் வாசித்துக் காட்ட, பின்பாதியை அவரே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருக்கிறார். “இது எங்க அம்மா காலத்து அளம். இப்ப மோட்டார் வந்துட்டு. கண்ணு கூசுறதுதான் மாறல” என்பது செப்டம்பர் கூட்டத்தில் அவர் சொன்ன கருத்து. நம் குறிப்பேட்டில் இந்நாவலைப் பற்றி எழுதப்பட்டுள்ள பக்கங்களில் இந்த மூன்று வரியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அவரை நாம் அறிந்துகொண்டதைப் போலவே அவரும் நம்மை அறிந்துகொண்டார். துறைமுகத்தில் பணியாற்றும் நம் உறுப்பினர் ஒருவர், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு நூலை எல்லாக் கூட்டங்களுக்கும் கொண்டுவருவார் என்பது அனைவருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக நாம் அதைப் பார்த்திருக்கிறோமே தவிர, கேட்டதில்லை. “அண்ணாச்சி, அது என்ன புஸ்தகம், கீழயே வைக்க மாட்டேங்கிய?” என்று அந்த அம்மா கேட்டார். எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக வாங்கிய நூல் அது. பள்ளி முத்திரையும் தலைமையாசிரியர் கையெழுத்தும் உள்ளே இருந்தன. அடுத்த ஆண்டே வேலைக்குப் போக நேர்ந்ததால், தாம் பெற்ற ஒரே பரிசு அதுதான் என்று அவர் சொன்னார். கேட்காமலே இருந்ததற்காக அன்று நாங்கள் வெட்கப்பட்டோம்.

கூட்ட நேரத்தை ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிக்கு ஆகஸ்டில் மாற்றினோம். அளத்து வேலைக்கும் தேவாலயத்துக்கும் சென்று வருகிறவர்களுக்கு இது வசதியாக இருக்கிறது. வெளியூர் உறுப்பினர்கள் கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலை தெரிவித்ததால், ஆறு மணிக்குள் கட்டாயம் முடித்துவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஆண்டு வந்தவர்களில் மூவர் நின்றுவிட்டார்கள்; அவர்களில் ஒருவருக்குத் துணையாக இருந்தவன் நானே. இரண்டு மாதம் விசாரிக்கத் தவறியது என் பிழை. சக்கர நாற்காலியில் வந்த வாசகர் ஒருவர் சாய்தளம் இல்லாததால் திரும்பிச் சென்றது பற்றி முறைப்படி மனு கொடுத்திருக்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் ஊர் மக்களுக்கு உரிய கட்டடம் இது என்பதை மனுவில் குறிப்பிட்டுள்ளோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா செலுத்தியவர்கள் மட்டுமே வட்டத்தின் அலமாரியிலிருந்து நூல் எடுக்கலாம் என்ற விதியைத் திருத்தி, புதியவர்கள் முதல் மூன்று மாதங்களுக்குச் சந்தா இன்றி எடுத்துச்செல்ல அனுமதிக்கும் தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. அதை விவாதித்து முடிவெடுக்குமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்,
வாசகர் வட்டம், தூத்துக்குடி