நவம்பர் இருட்டைப் பற்றி மகளுக்கு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அப்போதே உன்னை ஊருக்கு வரச் சொல்லலாமா என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. நெதர்லாந்தில் நீ குடியிருக்கிற அந்த ஹார்லெமில் நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதே குளிரையும் வெயிலையும் மாதம் மாதமாகச் செம்புத் தகட்டில் அச்சுப்படமாகப் போட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பெயர் யான் ஃபான் டெ ஃபெல்டெ. அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர்தான். இப்போது பெல்ஜியத்தில் இருக்கிற ஆன்ட்வெர்ப்பில் பிறந்து வடக்கே வந்து குடியேறியவர், பேர்பெற்ற எழுத்துக்கலை வாத்தியார். மகன் 1613-இல் ஹார்லெமுக்கு வந்து யாகோப் மாத்தம் என்ற தகட்டுச் செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழகினார். மறு வருஷமே ஊர் ஓவியர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். 1617-இல் நான்கு பருவங்கள், 1618-இல் பன்னிரண்டு மாதங்கள் என்று வரிசை வரிசையாக அச்சில் வந்தன.

மாதங்களைப் படமாக்குவது அவர் கண்டுபிடித்ததில்லை. ஆன்ட்வெர்ப் பக்கத்து ஓவியர் பெரிய புருகல் வசந்தத்துக்கும் கோடைக்கும் படம் வரைந்து கொடுத்துவிட்டு 1569-இல் போய்விட்டார். மிச்சம் இரண்டையும் ஹான்ஸ் போல் என்ற ஓவியர் வரைந்து முடிக்க, 1570-இல் ஆன்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் காக் நான்கையும் வெளியிட்டார். அந்தக் கோடைப் படத்தை இணையத்தில் தேடிப் பார். அறுப்புக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து குடத்தை அண்ணாந்து குடிக்கிறான். அவன் கால் படத்தின் சட்டத்தையே தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரிவாளும் அப்படித்தான். வெக்கையில் கிடப்பவனுக்குச் சட்டமாவது ஒன்றாவது! பிறகு அந்த ஹான்ஸ் போலும் ஸ்பெயின் சண்டைக்குப் பயந்து வடக்கே வந்து ஆம்ஸ்டர்டாமில்தான் கண்ணை மூடினார். பிழைக்க வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சரக்கு இது.

ஹார்லெமுக்கு வந்ததும் அதன் முகம் மாறிவிட்டது. புருகலிடம் ஆள் பெரிசு. இங்கே ஆள் சுண்டுவிரல் நகமளவுதான். பாதையும் மொட்டை மரமும் வானமும் படத்தை எடுத்துக்கொண்டன. 1609-இலிருந்து பன்னிரண்டு வருஷம் ஸ்பெயினோடு சண்டை ஓய்ந்திருந்த காலம். ஊருக்கு வெளியே பயமில்லாமல் நடக்க முடிந்ததால்தான் இப்படி வரையத் தோன்றியது என்று எனக்குப் படுகிறது. மேலே ராசிக் குறி போடுவது மட்டும் பழைய வழக்கம். ஜனவரிக்குக் கும்பம் போடுவார்கள். நமக்கோ மாசி பிறந்தால்தான் கும்பம். இந்த வித்தியாசத்துக்கான அயனாம்சக் கணக்கு பேசினால் உனக்குக் கொட்டாவி வரும், விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது அந்தத் தகட்டு வேலைதான். சிவகாசியில் நான் அச்சுக்குத் துத்தநாகத் தகட்டில் ஜிங்க் பிளாக் எடுத்த காலத்தில், அச்சாக வேண்டிய கோடு மேலே நிற்கும், மற்றதை ஆசிட் தின்றுவிடும். இவர்கள் தொழில் அதற்கு நேர் தலைகீழ். செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் பூச்சை மட்டும் கீறுவார்கள். ஆசிட்டில் போட்டால் கீறின இடம் மட்டும் பள்ளமாகும். எந்தக் கோடு மெல்லிசாக வேண்டுமோ அதை முதலிலேயே எடுத்து மூடிவிட்டு, மற்றதை மறுபடி ஆசிட்டில் விடலாம். பிறகு மையைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்த, காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஃபான் டெ ஃபெல்டெ உளியையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் இடவலம் மாறித்தான் விழும் என்பதால், மாதத்தின் பெயரைத் தகட்டில் கண்ணாடி எழுத்தாக எழுத வேண்டும். எழுத்துக்கலை வாத்தியார் மகனுக்கு அது கஷ்டமாக இருந்திருக்காது.

இப்போது குளிர்காலப் படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கிடையாது. வானத்தில் கோடு கோடாக இழுத்திருப்பார்கள்; தரையில் கிடக்கும் பனியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. ஊசியே படாத வெறும் காகிதம்தான் பனி. அதன் மேல் யார் யார் இருக்கிறார்கள் என்று பார். சறுக்குகிறவன், விழுந்தவன், கோலும் பந்துமாக ஆடுகிறவன், சறுக்குவண்டி இழுக்கிறவன். அந்த நூற்றாண்டில் குளிர் இப்போதையதைவிடக் கடுமை, கால்வாயெல்லாம் உறைந்துபோகும். கோடையில் படகுக்காரன் போகிற தண்ணீர் திடீரென்று ஊர்ச் சந்தைத் தெருவாகிவிடும். நவம்பருக்கோ பன்றி அறுத்து உப்புப் போட்டு வைக்கிற வேலையைப் போடுவது வழக்கம். யாரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நான் ஒரு படத்திலும் காணவில்லை.

உன் ஊரிலேயே ஸ்பார்ன ஆற்றங்கரையில் டெய்லர்ஸ் மியூசியம் இருக்கிறது, 1784-இல் திறந்தது. அங்கே நிறைய அச்சுப்படங்கள் உண்டு. சனிக்கிழமை பகலிலேயே போ. ஒரு படத்தையாவது பக்கவாட்டில் சாய்ந்து பார்த்து, தகடு அழுத்தின விளிம்பு காகிதத்தில் தெரிகிறதா, எவ்வளவு ஆழம் என்று எனக்கு எழுது. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தெரியமாட்டேன் என்கிறது.

டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை விடாமல் போடு. அம்மா வத்தல் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா