அறுவடைப் பரிசோதனை: வயலைத் தேர்வதில்தான் கோளாறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா பயிர்க் காப்பீட்டில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உள்ள கிராமத்துக்கு இழப்பீடு வருகிறது, அந்தப் பக்கம் உள்ள கிராமத்துக்கு வரவில்லை என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். விவசாயிகள் காப்பீட்டு நிறுவனத்தைக் குறை சொல்கிறார்கள். நிறுவனம் மகசூல் கணக்கை நீட்டுகிறது. அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பது மட்டும் செய்திகளில் வருவதே இல்லை.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் இழப்பீட்டைக் கணக்கிடும் அலகு. அந்தப் பருவத்தில் அங்கே நெல் நட்ட பரப்பு அத்தனையும் சேர்ந்ததே புள்ளியியலில் சொல்லும் முழுமைத்தொகுதி. காப்பீடு செய்தவர், செய்யாதவர், மேட்டு வயல், பள்ளத்து வயல் எல்லாம் அதில் அடக்கம். அதிலிருந்து எடுக்கும் கூறு, கிராமத்துக்குக் குறைந்தது 4 பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது வயலில் ஒரு சதுரத்தை அளந்து, அதிலுள்ள நெல்லை அறுத்து எடை போடுவது. ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். நான்கையும் கூட்டினால் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். பெரும்பாலும் இந்த இரண்டரை சென்ட் நெல்தான் ஒரு கிராமத்தின் இழப்பீட்டை முடிவு செய்கிறது.

என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. உத்தரவாத மகசூல் (இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு) ஏக்கருக்கு 2,000 கிலோ, காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைச் சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு 25 சதவீதம். ஏக்கருக்கு 9,000 ரூபாய் கிடைக்கும். ஒரு ஏக்கரில் இத்தகைய சதுரம் 162 அடங்கும். ஆகவே சதுரத்துக்குச் சராசரியாக ஒரே ஒரு கிலோ நெல் கூடுதலாக வந்தால் மகசூல் 1,662 கிலோ ஆகிவிடும். இழப்பீடு 6,084 ரூபாயாக இறங்கிவிடும். ஒரு கிலோவுக்கு 2,916 ரூபாய்!

சிறிய கூறு என்பதே தவறு என்று நினைக்க வேண்டாம். நான்கு வயலும் குலுக்கலில் விழுந்தவையாக இருந்தால் சராசரி ஒரு முறை கொஞ்சம் மேலே போகும், இன்னொரு முறை கீழே வரும். நான்கைப் பதினாறாக்கினால் இந்த ஆட்டம் பாதியாகும். ஒருபக்கச் சாய்வு அப்படி அல்ல. நான்குமே சாலையோர வயல் என்றால், நாற்பது சாலையோர வயலை அறுத்தாலும் அது அப்படியே நிற்கும். டெல்டாவில் சாலையோர வயல் பெரும்பாலும் சற்று மேட்டில், வடிகாலோடு இருக்கும். தண்ணீர் நின்று அழுகிய பள்ளத்து வயலுக்கு வரப்பு வழியே நெடுந்தூரம் நடக்க வேண்டும். நடக்கச் சோம்பினாலே கிராமத்தின் மகசூல் உயர்ந்துவிடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

அதனால்தான் வயலையும், வயலுக்குள் இடத்தையும், சமவாய்ப்பு எண் (குலுக்கலில் விழுவது போன்ற எண்) கொண்டு தேர்வு செய்யச் சொல்கிறது விதி. நெல் உள்ள புல எண்களின் பட்டியலிலிருந்து எண் விழுந்த வயலுக்குப் போக வேண்டும். தென்மேற்கு மூலையில் நின்று நீள அகலம் அளக்க வேண்டும். வயல் 60 மீட்டருக்கு 35 மீட்டர் என்றால் இரண்டிலும் சதுரத்தின் பக்கமான 5 மீட்டரைக் கழித்து, 55-க்குள் ஓர் எண், 30-க்குள் ஓர் எண் எடுக்க வேண்டும். 38, 12 என்று வந்தால் நீளவாக்கில் 38 மீட்டர், அங்கிருந்து உள்ளே 12 மீட்டர். அங்கேதான் சதுரத்தின் முதல் முளைக்குச்சி. மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் சதுரம் கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் பயிர் சாய்ந்திருந்தாலும் சொட்டையாக இருந்தாலும் அங்கேயேதான் அறுக்க வேண்டும். "இங்கே ஒன்றும் இல்லையே, சற்றுத் தள்ளிப் போவோம்" என்பதுதான் மிகப் பெரிய பிழை.

சதுரத்தைச் சுற்றிக் கட்டும் கயிறும் கவனிக்க வேண்டியது. ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் விலகினால் அரை சதுர மீட்டர், அதாவது 2 சதவீதம் கூடிவிடும். தூரின் அடி கயிற்றுக்குள் இருந்தால்தான் கணக்கு. கதிர் உள்ளே சாய்ந்திருந்தால் போதாது. 1940-களில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் சிறிய துண்டுகளை அறுத்து மதிப்பிட்டபோது, சிறிய துண்டு மகசூலைக் கூட்டியே காட்டும் என்று இன்னொரு புள்ளியியல் அறிஞரான பி.வி. சுகாத்மே வாதிட்டுச் சோதனைகளால் நிறுவினார். காரணம் ஓரப் பயிர்தான். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் ஓரம். 5 மீட்டர் சதுரத்தில் 80 சென்டிமீட்டர்தான். ஓரத்தில் நிற்கும் தூரைக் கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதிகம் பேசப்படாத சிக்கல் அறுவடை இயந்திரம். வண்டி கிடைத்த அன்றே அறுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எண் விழுந்த வயல் முன்பே அறுபட்டிருந்தால் மாற்று வயல் தேவைப்படுகிறது. அந்த மாற்றும் விதிப்படி பட்டியலிலிருந்து வர வேண்டும், பக்கத்தில் எது நிற்கிறதோ அது அல்ல. பயிர் அழிந்துபோனது என்ற காரணத்துக்காக ஒரு வயலைத் தள்ளவே கூடாது. அங்கே மகசூல் சுழியம் என்றால் சுழியம் என்றே எழுத வேண்டும்.

இரக்கப்பட்டு மோசமான மூலையில் அறுப்பதும் சாய்வுதான். உத்தரவாத மகசூல், கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து வருகிறது. குறைத்து எழுதியதில் இரண்டு ஆண்டுகள் விடுபட்டுப் போகும். மூன்றாவது ஆண்டிலிருந்து அந்தப் பொய்க் குறைவு உத்தரவாதத்தையே இறக்கிவிடும். உண்மையாகவே பயிர் போகும் ஆண்டில் அதே விவசாயிதான் இழப்பார்.

இப்போது கைபேசிச் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்றுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் படம் அறுத்த இடத்தைக் காட்டும். அந்த இடத்துக்குப் போகச் சொன்ன எண்ணைக் காட்டாது. அறுவடைக்கு முன்பே தேர்வான புல எண்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால், வண்டி வரும் முன் விவசாயிகளே அந்த வயல்களைக் காத்து வைப்பார்கள். கிராம மகசூலை வெளியிடும்போது உங்கள் நாளிதழ் இன்னும் மூன்று விவரங்களைக் கேட்டு அச்சிட வேண்டும்: பரிசோதனை நடந்த தேதிகள், மாற்றப்பட்ட புல எண்கள், மாற்றியதற்கான காரணம்.

இப்படிக்கு,
கூறெடுப்புப் பணி அறிந்த வாசகர்,
தஞ்சாவூர்.