எத்தனை ஹெர்ட்ஸ் என்பதோடு எத்தனை மைக்ரான் என்றும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

இயந்திர அதிர்வு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில், இன்டக்டிவ் சென்சார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும், எனவே பேரிங் பழுதையும் அதுவே காட்டிவிடும் என்று இருந்தது. முதல் பாதி சரி. இரண்டாவதை நம்பி யாரும் சென்சார் வாங்கிவிடக் கூடாது. அதிர்வு அளப்பதே என் தொழில் என்பதால் இதை எழுதுகிறேன்.

இன்டக்டிவ் சென்சார்களில் ஒரு வகை, ஷாஃப்ட்டுக்கு (சுழலும் தண்டுக்கு) அருகே பொருத்தும் எடி கரன்ட் புரோப். அது தனக்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினால் சுமார் 8 வோல்ட் மாறும். ஷாஃப்ட் சுற்றாமல் நின்றாலும் அளக்கும். அது பெரிய பலம்.

ஆனால் அதிர்வின் வேகம் அதேயாக இருந்து அலைவெண் (விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) மட்டும் ஏறினால், அசையும் தூரம் சுருங்கிக்கொண்டே போகும். உச்ச வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 ஹெர்ட்ஸில், அதாவது நிமிடத்துக்கு 1500 சுற்றில், ஷாஃப்ட் நடுநிலையிலிருந்து சுமார் 32 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகும். அதே வேகம் 5000 ஹெர்ட்ஸில் வெறும் 0.16 மைக்ரான். புரோப் தருவது ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். ஷாஃப்ட்டின் மேல் ஒரு கீறல் இருந்தாலோ, எஃகில் காந்தத்தன்மை தங்கியிருந்தாலோ, பல மைக்ரான் போலி அசைவு தெரியும். அதற்குள் இந்த 0.16-ஐ எங்கே தேடுவது?

அதே 5000 ஹெர்ட்ஸில் முடுக்கம் சுமார் 16 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. பேரிங் கூட்டின் மேல் வைத்த சாதாரண ஆக்சலரோமீட்டரே (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தரும். உருளை பேரிங்கின் ஆரம்பக் கட்டப் பழுது கிலோஹெர்ட்ஸ்களில்தான் முதலில் தலைகாட்டும். அதற்கு ஏற்ற கருவி ஆக்சலரோமீட்டர்தான்.

இன்டக்டிவ் சென்சாரில் இன்னொரு வகையான பிராக்சிமிட்டி சுவிட்ச் (உலோகம் அருகே வந்தால் ஆன் ஆகும் சுவிட்ச்) விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். அதன் டேட்டாஷீட்டில் 1000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், விநாடிக்கு ஆயிரம் முறை ஆன் ஆகி ஆஃப் ஆகும் என்று மட்டுமே பொருள். சுற்றுகளை எண்ணலாம். எவ்வளவு அதிர்கிறது என்று அது சொல்லவே சொல்லாது.

எடி கரன்ட் புரோப்பைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எண்ணெய்ப் படலத்தின் மேல் ஷாஃப்ட் மிதந்து ஓடும் பெரிய டர்பைன்களில், பேரிங்குக்குள் ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்று நேராகக் காட்டுவது அதுதான். அங்கே ஆக்சலரோமீட்டர் அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. அடுத்த கட்டுரையில் இந்த வேறுபாட்டையும் விளக்கினால், கருவி தேர்ந்தெடுக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்பில் பணிபுரியும் வாசகர்