பட்டேல் ஜெயந்தி விழா கமிட்டிக்கு ஒரு பேரண்ட் எழுதுறது

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்துக்கும் விழா கமிட்டி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன அக்டோபர் 31 கிரவுண்ட்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். பேரண்ட்ஸ் குரூப்ல கேட்டதுக்கு ஒரு கும்பிடு எமோஜிதான் பதிலா வந்துச்சு, அதான் இப்படி எல்லாரும் பாக்குற மாதிரி எழுத வேண்டியதாப் போச்சு.

ட்ரோன் போட்டோவுக்காக பிள்ளைங்கள இந்தியா மேப் மாதிரி நிக்க வச்சீங்க. சீஃப் கெஸ்ட் வர லேட்டு. தண்ணி கேட்ட பசங்கள லைன் கலையும்னு அதட்டி நிறுத்தியாச்சு. ஆறாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணு மயங்கி விழுந்துச்சு, அத தூக்கிட்டுப் போறதுக்குள்ள மைக்ல "அங்க கேப் தெரியுது, யாராவது வந்து நில்லுங்க"ன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு அதுதான் இன்னும் ஆறல.

சரி, இவ்ளோ நேரம் நின்னதுக்கு என்னம்மா தெரிஞ்சுக்கிட்டேன்னு என் பொண்ணுகிட்ட கேட்டேன். "இரும்பு மனிதர்ப்பா, சிலை 182 மீட்டர்." அவ்ளோதான். சிலையோட உயரம் தெரியுது, மனுஷன் செஞ்ச வேலை தெரியல.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். வெயில்ல நிக்க வைக்கிறத விட்டுட்டு, கிளாஸ்ல ஒரு பீரியட் அந்தக் கதையச் சொல்லுங்க.

கதையா இல்ல? வெள்ளைக்காரன் கிளம்புறப்போ 560க்கு மேல சமஸ்தானம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ராஜா. பட்டேலும் அவர் செக்ரட்டரி வி.பி. மேனனும் (கிளார்க்கா ஆரம்பிச்சு அந்த நாற்காலிக்கு வந்தவர், அவர் பேர எந்த விழாவுலயும் நான் கேட்டதில்ல) என்ன பண்ணாங்கன்னா, பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு, இந்த மூணுக்கு மட்டும் கையெழுத்து போடுங்க, மிச்சம் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லி முதல்ல உள்ள கொண்டு வந்துட்டாங்க. அப்புறம்தான் மெதுவா மன்னர் மானியம் (ராஜாக்களுக்கு வருஷா வருஷம் அரசாங்கம் குடுத்த பணம்) குடுத்து ஆட்சியையே வாங்கினது. தனி நாடுன்னு அறிவிச்ச திருவிதாங்கூர் கூட ஆகஸ்ட் 15க்கு முன்னாடியே வழிக்கு வந்துடுச்சு. குஜராத் பக்கம் இருக்குற ஜூனாகத்ல, இந்தியாவா பாகிஸ்தானான்னு 1948ல மக்கள்கிட்டயே ஓட்டு வச்சாங்க. ஹைதராபாத்துக்குத்தான் ராணுவம் போச்சு, 1948 செப்டம்பர்ல அஞ்சே நாள். அங்க ரெண்டு பக்கமும் மக்கள் செத்தாங்க, அதையும் மறைக்காம பெரிய கிளாஸ் பசங்களுக்கு சொல்லலாம், தாங்குவாங்க.

இவ்ளோ ஏன், நம்ம புதுக்கோட்டையே தனி சமஸ்தானம், 1948 மார்ச் 3லதான் மெட்ராஸ் மாகாணத்தோட சேந்துச்சு. எத்தன பிள்ளைங்களுக்கு தெரியும்?

காந்தி ஜெயந்திக்கும் இதே கூத்துதான், ஏற்கனவே கூட்டின இடத்துல குப்பையப் போட்டு திரும்பக் கூட்டி போட்டோ. ஸ்கூலுக்கு வாத்தியார் முக்கியமா கேமராமேன் முக்கியமான்னு ஒரு மீட்டிங் போட்டு முடிவு பண்ணிடுங்க, ஃபீஸ் கட்டுற எங்களுக்கும் தெளிவா இருக்கும்.

கோவத்துல ஏதாவது கூட சொல்லியிருந்தா பொறுத்துக்குங்க. இந்த வருஷ சர்க்குலர் அடிக்கிறதுக்கு முன்னாடி ஹிஸ்டரி டீச்சர கூப்ட்டு ஒரு வார்த்த பேசுங்க, அவங்களுக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்க. உறுதிமொழி எடுக்கணும்னா கிளாஸ்லயே நின்னு எடுக்கலாம். சீஃப் கெஸ்ட் வந்தே ஆகணும்னா அவரும் கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்கட்டும், தாராளமா வரட்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா