ஏட்டு அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அண்ணனுக்கு என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. செய்தியில் பார்த்திருப்பீர்கள், மிச்சத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். நேற்று அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள், போன செப்டம்பர் முதல் இந்த ஆகஸ்ட் வரை பணியில் உயிரிழந்தவர்களின் பெயர்களோடு அவன் பெயரையும் வாசித்தார்கள். அம்மா கடைசி வரை இருந்து கேட்டார். வரவே மாட்டேன் என்றவர்.

அடக்கத்தன்று எங்களிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. குண்டு முழங்கியதும் அண்ணன் மகள் அலறிய அலறல் அம்மாவைத் தூங்கவிடாமல் செய்திருந்தது. அதனால் அழைப்பு வந்ததுமே "குழந்தையையும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த அக்கா வந்தார். அண்ணனோடு ஒரே ஸ்டேஷனில் வேலை பார்க்கும் பெண் ஏட்டு. பெயரைப் போட்டால் பேசவே மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார், சரி, போடவில்லை. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை (அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் களைத்துத்தான் போயிருந்தோம்), அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாளைக்கு எதற்குப் பிறகு எது நடக்கும் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். "1959ல இதே நாள் லடாக்ல சீனப் படை சுட்டு நம்ம போலீஸ்காரங்க 10 பேர் செத்தாங்கம்மா, அதுக்குத்தான் வருஷா வருஷம் இது" என்று தொடங்கி, பெயர் வாசிப்பது, மலர் வளையம், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலைகுனிந்து நிற்பது, பியூகிள், எல்லாம். "முடியலைன்னா பாதியில எந்திரிச்சிருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, நான் பின்னாடிதான் இருப்பேன்" என்றார். அம்மாவை வர வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டார். மூன்று தடவை சத்தம் வரும், வானத்தைப் பார்த்துத்தான் சுடுவோம், யாருக்கும் அடிபடாது என்று சொல்லி, அவர் கை தட்ட அவள் காதைப் பொத்த, அங்கேயே ஒத்திகை. கடைசியில் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

நேற்று முதல் குண்டுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது எனக்குத்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்று, மூன்றும் முடிந்ததும் திரும்பி, பின்னால் இருந்த அக்காவிடம் மூன்று விரலைக் காட்டினாள். மலர் வளையம் வைக்கப் போகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு முறை வைத்திருக்கிறார்கள், குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதை மட்டும் ஒருவர் தானாக யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருடமாவது அதை முறையாக்குங்கள், ஐயா.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொல்ல இடம் போதாது. அன்றிரவு ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்கள், தங்களுக்குள் பணம் சேர்த்து அண்ணி கையில் கொடுத்த அண்ணனின் பேட்ச் ஆட்கள், பென்ஷன் பேப்பர்களை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போன காவல் துறை அலுவலக ஊழியர், குவார்ட்டர்ஸில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், அம்மா அழுதபோது மைக்கை இறக்கிக்கொண்ட அந்த ஒரு நிருபர், எல்லோருக்கும் நன்றி.

டெல்லியில் 2018ல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அண்ணன் பெயரை அங்கே பார்க்க வேண்டும் என்று நேற்று அம்மாவே கேட்டார். கூட்டிப் போவேன்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். அடுத்த அக்டோபரில் அந்த முன்வரிசையில் புதிதாக எந்தக் குடும்பமும் உட்காரக் கூடாது. அப்படி யாராவது இருந்துவிட்டால், ஏட்டு அக்கா, முந்தின நாள் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது எனக்கும் ஒரு போன் போடுங்கள், நானும் வருகிறேன்.